வலியை ஒளிக்காத ஓட்டம்

நெகிரி செம்பிலானில், அம்பாங்கானிலிருந்து பாரோய் வழியாகக் கோலா பிலாவுக்குப் போகும் பழைய சாலையில் விடியுமுன்பே ஓடுகிறவர்களை இப்போது பார்க்க முடிகிறது. புக்கிட் புத்துஸ் ஏற்றம் அவர்களுக்குப் பிடித்த சோதனை. சனி, ஞாயிறுகளில் உலு பெண்டுல் காட்டுக்குள் புகுந்து, 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலையில் ஏறி இறங்குகிறவர்களும் உண்டு. இதே இருட்டு நேரத்தில் இவர்களில் சிலருடைய தாத்தா பாட்டிமார் ரப்பர்த் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் நின்றார்கள். கையில் உளி, தோளில் காண்டா, இரண்டு பக்கமும் வாளி. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால், வெயில் ஏறுவதற்குள் ஏறக்குறைய ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்து வெட்ட வேண்டும். மேடும் பள்ளமுமான நிரைகளில் அதுவும் ஓட்டம்தான். மெடல் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஓட்டம் நமக்கு ஒரு குணத்தைக் கொடுத்தது. பொறுத்துக்கொள்வது. காய்ச்சலோடும் மலைக்காட்டுக்குப் போவது, காலில் முள் ஏறியிருந்தாலும் நிரையை முடிப்பது. செக்ரோலில் பேர் விழவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்ற நிலையில், வலியைச் சொல்வது வீண் பேச்சாகவே இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான்கள் எழுந்தன. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் அம்பாங்கானிலும் செனவாங்கிலும் தரை வீடு வாங்கிக் குடியேறினார்கள். அந்தக் குணம் மட்டும் கூடவே வந்துவிட்டது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் அம்மா சொல்லமாட்டார். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் இருந்தால், "அது ஒண்ணுமில்லம்மா, சூடு" என்று மகளிடம் சொல்லிவிட்டு மோர் குடித்துக்கொள்வார். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், நூற்றுக்கு அறுபத்து மூன்று பேருக்கு மேல் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. எல்லா இனத்தாருக்கும் சேர்ந்த கணக்கு இது. நம் வீடுகளின் மௌனமும் அதில் ஒரு பங்கு என்றே நினைக்கிறேன்.

வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பெண்களுக்கு வெற்றிலை பாக்கு வெறும் பழக்கமாக இருந்ததில்லை. நிரைக்கும் நிரைக்கும் இடையே கிடைத்த ஒரே ஓய்வு அது. மடியில் சுருக்குப்பை, அதில் பாக்கு, சுண்ணாம்பு, பலருக்குப் புகையிலைத் துண்டு. பசியை மறக்கவும் அதுதான், பேச்சுக்குத் துணையும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, அதிகமாகக் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம்.

காயத்திலிருந்து பால் கொடுக்கும் ரப்பர் மரத்தைத் தியாகத்துக்கு உவமையாகச் சொல்வது நம் மேடைகளில் வழக்கம். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. மரம் விரும்பிக் கொடுக்கவில்லை. வெட்டியவர் வேறு, பால் எடுத்தவர் வேறு, பணம் பார்த்தவர் வேறு. தோட்டத்து மனிதர்களின் பொறுமையும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே. அதைப் புனிதமாக்கிப் பேசிவிட்டால், வலியைச் சொல்லாமல் சாவதும் புனிதமாகிவிடும்.

சைவ மரபில் வலியின் கதை வேறு மாதிரித் தொடங்குகிறது. தருமசேனர் என்ற பெயரோடு சமண மடத்தில் தலைமை ஏற்றிருந்த மருள்நீக்கியாருக்கு, பின்னாளில் நாம் அப்பர் என்று அழைக்கும் அவருக்கு, சூலைநோய் வருகிறது. குடலைப் பிடுங்கும் வலி. மடத்தில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மந்திரங்களைச் சொல்லிப் பார்க்கிறார்கள், தணியவில்லை. அப்போது அவர் செய்தது என்ன? ஊரில் இருந்த அக்காவுக்குச் சமையல்காரரிடம் சொல்லி அனுப்பினார். அக்கா திலகவதியார், அந்த மடத்துக்கு நான் வரமாட்டேன் என்று பதில் அனுப்பியதும், இரவோடு இரவாகத் தாமே புறப்பட்டுத் திருவதிகைக்கு வந்து அவர் காலடியில் விழுந்தார். நம் மொழியின் மிகப் பெரிய அடியார்களில் ஒருவருடைய பக்தி, தாங்க முடியவில்லை என்று ஒரு பெண்ணிடம் வாய்விட்டுச் சொன்னதில் ஆரம்பமாகிறது. பதவியும் கல்வியும் வயதும் அவரைத் தடுக்கவில்லை. அக்கா அவரைக் கடிந்துகொள்ளவில்லை, ஏன் இத்தனை நாள் என்று கணக்கும் கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் வழக்கம்போல் துடைப்பமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயில் கூட்டப் புறப்பட்டபோது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்.

இனி, வேறொரு நாட்டில், வேறொரு நூற்றாண்டில் ஓடிய ஒரு பையனிடம் வருவோம்.

டெர்ரி ஃபாக்ஸ் கனடாக்காரர். 1958இல் பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். 1977 மார்ச்சில், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயால் அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேலே நீக்கப்பட்டது. பிறகு பதினாறு மாதம் கீமோதெரப்பி. அந்தக் காலத்தில் மருத்துவர்கள் அவரிடம் ஒரு கணக்குச் சொன்னார்கள்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த நோயில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் பிழைத்தார்கள், புதிய மருந்துகளால் இப்போது ஐம்பது பேர் பிழைக்கிறார்கள். வேறொருவர் இதைக் கேட்டிருந்தால், நான் அந்த ஐம்பதில் வருவேனா என்று கவலைப்பட்டிருப்பார். அந்தப் பையன், யாரோ கொடுத்த பணத்திலும் யாரோ செய்த ஆராய்ச்சியிலும்தான் தன் உயிர் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டார். சிகிச்சை வார்டில் தன்னோடு படுத்திருந்தவர்களின், அதிலும் குழந்தைகளின், முகங்கள் அவரை விடவில்லை.

கனடாவைக் குறுக்காக ஓடிக் கடப்பது, வழியெல்லாம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது என்று முடிவு செய்தார். பதினான்கு மாதம் பயிற்சி. 1980 ஏப்ரல் 12ஆம் நாள், கிழக்குக் கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நல்ல காலால் இரண்டு தத்தல், செயற்கைக் காலால் ஓர் அடி. இதுதான் அவர் ஓட்டம். இப்படியே நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான். மறுநாளும் அதே தூரம். நண்பர் ஒருவர் வேன் ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். தொடக்கத்தில் பல ஊர்களில் வரவேற்கக்கூட ஆள் இல்லை.

அவர் அரைக்கால் சட்டை போட்டே ஓடினார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். உலோகக் காலும், அது வந்து பொருந்திய தொடையும், அதில் வழிந்த இரத்தமும் எல்லாருக்கும் தெரிந்தன. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கேட்டால் கால் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். ஒன்டாரியோ மாநிலத்தில், தன்னைப் போலவே புற்றுநோயில் கால் இழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிளில் அவர் பின்னாலேயே பல கிலோமீட்டர் வந்தான். இருவரும் ஏரியில் சேர்ந்து நீந்தினார்கள். தன் பயணத்திலேயே மனத்துக்கு மிகவும் ஊக்கம் தந்த நாள் அதுதான் என்று டெர்ரி பிறகு சொன்னார். ஒளிக்காத காயம் இன்னொரு காயத்தைத் தன்னிடம் வரவழைக்கிறது. திருவதிகையில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான், திசைதான் வேறு.

இங்கே நேர்த்திக்கடனைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1892இலிருந்து பத்துமலையில் தைப்பூசம் நடக்கிறது. 272 படிகளில் காவடியும் பால்குடமும் ஏறுகின்றன. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து லாரி பிடித்துப் போன தலைமுறையைக் கேட்டால், ஒவ்வொரு காவடிக்குப் பின்னாலும் ஒரு நோயோ ஒரு பிள்ளைப்பேறோ இருக்கும். இது நடந்தால் அதைச் செய்கிறேன் முருகா என்ற பேச்சில் தாழ்வு ஒன்றுமில்லை. குழந்தை தாயிடம் பேரம் பேசுவதைப் போல, உரிமை உள்ள இடத்தில் பேசுவதுதானே அது. ஆனால் டெர்ரியின் ஓட்டத்தில் அந்த முதல் பாதி இல்லை. எனக்கு நோய் திரும்பக் கூடாது, அதற்காக ஓடுகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வரப்போகும் மருந்து வேறு யாருக்கோ. தான் பெற்றதற்கு மட்டும் காவடி எடுத்தார். இடையில் வணிக நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் கேட்டபோது மறுத்துவிட்டார். முதலில் பத்து லட்சம் டாலர் என்று இருந்த இலக்கு, பிறகு நாட்டில் உள்ள 2 கோடியே 40 லட்சம் பேரும் ஆளுக்கொரு டாலர் கொடுக்கட்டும் என்று வளர்ந்தது. ஆளுக்கொரு டாலர் என்பது பிடியரிசி சேர்க்கும் வீட்டுப் பெண்களுக்கு உடனே புரியும்.

1980 செப்டம்பர் 1ஆம் நாள், தண்டர் பே நகருக்கு வெளியே இருமலும் நெஞ்சு வலியுமாக நின்றுவிட்டார். புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள், 5,373 கிலோமீட்டர். பசிபிக் கடலை அவர் எட்டவில்லை. நான் முடிக்காவிட்டால் மற்றவர்கள் தொடர வேண்டும் என்ற பொருளில் அந்தக் கோடையிலேயே பேசியிருந்தார். அடுத்த பிப்ரவரிக்குள், ஆளுக்கொரு டாலர் என்ற அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. 1981 ஜூன் 28ஆம் நாள், இருபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு இறந்தார்.

ஓட்டம் பாதியில் நின்றது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பெரியபுராணம் படித்தவர்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதாக வராது. திருவதிகைக்கு வலியோடு வந்த அதே அப்பர், முதுமையில் கயிலைக்குப் புறப்படுகிறார். காசியைத் தாண்டித் தனியே போகிறார். பாதங்கள் தேய்ந்தபோது கைகளை ஊன்றிப் போகிறார். கைகள் தேய்ந்தபோது மார்பால் தவழ்கிறார். மார்பும் நைந்தபோது உருண்டு போகிறார். பிறகு அதுவும் முடியாமல் கிடக்கிறார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மனிதர் போகக்கூடிய இடமில்லை, திரும்பிப் போ என்கிறார். அப்பர் மறுக்கிறார். அழியப்போகும் இந்த உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு திரும்புவதில் அவருக்கு விருப்பம் இல்லை. கடைசியில் அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்கிறது அசரீரி. மூழ்கியவர் திருவையாற்றில் எழுகிறார். கயிலைக் காட்சி கிடைப்பது அங்கேதான். காதல் பிடியோடு களிறு வருகிறது, சேவலோடு பெட்டை வருகிறது, கண்ட இணைகளெல்லாம் சிவமும் சக்தியுமாகத் தெரிகின்றன. ஆடி அமாவாசையில் திருவையாற்றில் இன்றைக்கும் அதைத்தான் விழாவாக எடுக்கிறார்கள்.

அப்பர் கயிலையை அடைந்தாரா, இல்லையா? வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இல்லை. புறப்பட்ட சோழநாட்டுக்கே திரும்பிவிட்டார். கதை சொன்னவர்கள் அதைத் தோல்வி என்று ஓரிடத்திலும் நினைக்கவில்லை. தேய்ந்த உடம்பு எதுவரை போனதோ அதுவரை அவருடையது, அதற்கு மேல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை இல்லை. டெர்ரி நின்ற இடத்தையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவர் எழுந்த திருவையாறு எது என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு. கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு குறை. டெர்ரியின் இதயத்தில் ஒரு கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஓட்டத்தின்போது செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகளை அவர் தள்ளிப்போட்டார். அதாவது, காலைக் காட்டிய அந்தப் பையனும் நெஞ்சை ஒளித்தார். நம் தோட்டத்துக் குணம் அவருக்குள்ளும் இருந்தது போலும். அவரை வணங்குகிறேன், இந்த ஒன்றில் மட்டும் பின்பற்ற மாட்டேன். நோயோடு இருப்பவர்கள் மாரத்தான் ஓட வேண்டியதில்லை. பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்துக் கனடா தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. பயிற்றுநர் துணையோடு மூன்று ஆண்டு முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில், எட்டாண்டுக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் எண்பத்து மூன்று பேர். பலருக்கு அந்தப் பயிற்சி விறுவிறுப்பான நடைதான். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பாரோய் அரங்கத்தைச் சுற்றி நடக்கிற தூரம் போதும்.

சிகிச்சையே ஒரு நெடுந்தூர ஓட்டம் என்பதும் நமக்குத் தெரியும். கதிர்வீச்சுக்காக இங்கிருந்து புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் போகிறவர்கள், வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் போய்வர வேண்டியிருக்கும். மகன் லீவு போட்டுக் கார் ஓட்டுவான். அம்மா பின்னிருக்கையில் கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

நோய் இருப்பது தெரிந்தே ஓடியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜேன் டாம்லின்சன், மூன்று பிள்ளைகளின் தாய், இனிக் குணப்படுத்த முடியாது என்று 2000ஆம் ஆண்டில் சொல்லப்பட்டவர். 2002இல் லண்டன் மாரத்தான் ஓடினார். 2004இல் ஃபுளோரிடாவில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு மாரத்தான் என்ற அயர்ன்மேன் போட்டியை முடித்தார். போர்ட்டிக்சன் கடற்கரையில் டிரையத்லான் நடப்பதைப் பார்த்தவர்கள், அதைப்போல நாலு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 2007 செப்டம்பரில் இறப்பதற்குள் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் அறநிதி சேர்த்திருந்தார்.

நமக்கு நெருங்கிய இடத்தில், ஈழத்தில், 2011 ஜூலையில் ஒரு நடை நடந்தது. தெற்கு முனையான தேவேந்திரமுனையில் புறப்பட்டு வடக்கே பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்ப நிதி திரட்டத்தான். போர் முடிந்து இரண்டே ஆண்டு. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் வழிநெடுகச் சேர்ந்து நடந்தார்கள். 2016இல் வடக்கிலிருந்து தெற்கே மறுபடி நடந்தார்கள், இந்த முறை காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. அவரவர் ஊருக்கு என்று இல்லாமல், எதிர்முனையில் இருப்பவருக்காகவும் நடந்த அந்த இரண்டு நடைகளும் சேர்ந்துதான் எனக்கு ஒரே யாத்திரையாகத் தெரிகின்றன.

திருவையாற்றுக்கு வருகிறேன். முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் 1981 செப்டம்பர் 13ஆம் நாள் கனடா முழுவதும் நடந்தது. மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. சென்னையில் ஐஐடி வளாகத்தில் நடந்திருக்கிறது, கோலாலம்பூரிலும் நடந்து வந்திருக்கிறது. இதுவரை உலகெங்கும் சேர்ந்த பணம் 80 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கோலாலம்பூரில் திரளும் பணம் இந்த நாட்டின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமான கேன்சர் ரிசர்ச் மலேசியாவுக்குப் போகிறது. அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளில் ஒன்று வாய்ப்புற்றைப் பற்றியது. தண்டர் பே சாலையில் நின்றுபோன அந்த ஓட்டம், சுருக்குப்பையில் பாக்கு வைத்திருந்த நம் பாட்டியின் வாயருகே வந்து எழுந்திருக்கிறது. அவர் பெயர் அந்தப் பையனுக்குத் தெரியாது, பாட்டிக்கும் அவன் பெயர் தெரியாது.

சிரம்பான் ஸ்டேஷனிலிருந்து கொமியூட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கோலாலம்பூர் போய்விடலாம். டெர்ரி பெயரில் நடக்கும் ஓட்டத்தில் போட்டி கிடையாது. யார் முதலில் வந்தார் என்று எழுதிவைப்பதில்லை, பரிசும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். கீமோ முடிந்து முடி முளைக்காத தலையோடு வரும் தங்கச்சி, பாதி தூரத்தில் மூச்சு வாங்கினால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். கூட வந்த அக்காவும் பக்கத்தில் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள்.